சிக்னல் சாரின் நூற்றி இருபது விநாடி

பெங்களூரில் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் சிக்னல் சார்தான். ஊரே ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் முகத்தில் மட்டும் கல்யாணக் களை வந்துவிடும். பச்சை விழுந்தால் வாடிப்போவார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. போனில் 'சிக்னல்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். அவர் அழைக்கும்போதெல்லாம் என் கணவர், "உன் டவர் கூப்பிடுது பாரு" என்று போனை நீட்டுவார்.

அவர் புகைப்படக்காரர். அதிலும் காமெடி ஆட்களை மட்டும்தான் எடுப்பார். மேடையில் தனியாக மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்கள், மிமிக்ரி செய்பவர்கள், என்னைப் போலச் சனிக்கிழமை மட்டும் நகைச்சுவை செய்யும் குடும்பப் பெண்கள் என்று யாருக்குப் போஸ்டர் படம் வேண்டுமென்றாலும் எல்லாரும் அவர் எண்ணைத்தான் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். "அங்க எல்லாரும் முன்னாடியே சிரிச்சிக்கினு நிப்பாங்க மா. எனக்கு அங்க இன்னா வேலை?" என்பார்.

ஸ்டுடியோ கிடையாது. பழைய கேமரா ஒன்று, சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு மேலங்கி ஒன்று, மழை வந்தால் கேமராவுக்கு மாட்டுவதற்கு ஷவர் கேப் ஒன்று. சொத்து இவ்வளவுதான். சிவப்பு விழுந்ததும் நம்மை ஜீப்ரா கோடுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்கு முன்னால் நாம் நம்முடைய காமெடியைச் செய்ய வேண்டும். நாம் சிரிக்கக் கூடாது. வண்டியில் இருக்கும் யாராவது ஒருவர், முன்பின் தெரியாத ஆள், சிரிக்க வேண்டும். அந்த நொடியில் பொத்தானை அழுத்துவார். யாரும் சிரிக்கவில்லை என்றால் படம் கிடையாது, அடுத்த சிவப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

"ஏன் சார் இந்தக் கொடுமை? சும்மா எடுங்களேன்" என்று ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன்.

"போஸ்டர்ல காமெடின்னு போட்டுட்டா ஆச்சா? சாட்சி வேணாமா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

ஊரில் எந்த சிக்னல் எத்தனை விநாடி என்பது அவருக்கு மனப்பாடம். ஆளைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்பார், பிறகு எந்த சிக்னல் என்று அவரே முடிவு செய்வார். நாற்பத்தைந்து விநாடி சிக்னலுக்கு அழைத்துப் போனால் அது பாராட்டு, சட்டென்று சிரிக்க வைக்கிற ஆள் என்று அர்த்தம். ஜவ்வாக இழுக்கிறவர்களை வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு நூற்றி எண்பது விநாடி சிக்னலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். எங்கள் வட்டாரத்தில் இரண்டு காமெடிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால், "உனக்கு எத்தனை செகண்ட் குடுத்தாரு?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். எனக்கும் என் ஜோடிக்கும் தொம்மலூரில் நூற்றி இருபது கொடுத்தார். நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்த ஒரு பிரபலத்தை வைட்ஃபீல்டுக்கு அழைத்துப் போன கதை எங்களுக்குள் ரொம்பப் பிரசித்தம். அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள், தலைசீவ ஓர் ஆள். ஏழு சிவப்பு போயிற்று, ஒரு பல் தெரியவில்லை. எட்டாவது சிவப்பில், முன்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஏன் சார், காடி கெட்டோய்த்தா?" என்று கன்னடத்தில் அன்பாகக் கேட்டிருக்கிறார். பாவம், வண்டி ரிப்பேராகி நடுரோட்டில் நின்று புலம்புகிற மனுஷன் என்று நினைத்துவிட்டார். சுற்றியிருந்த பைக்குகள் எல்லாம் சிரித்தன. சிக்னல் சார் க்ளிக் செய்தார். அந்தப் படத்தில் ஆட்டோக்காரர் முகம் அத்தனை தெளிவு. பிரபலம் ஓரத்தில் மங்கலாக இருந்தார். வேறு படம் கேட்டதற்கு, "சிரிக்க வெச்சது அவருதான சார்?" என்று சொல்லிவிட்டு ஷவர் கேப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம்.

இன்னொரு முறை, பேசாமல் நடித்துக் காட்டும் ஒரு பையன் வெள்ளை முகத்தோடு பஸ்ஸுக்கு முன்னால் நின்று, இல்லாத சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தான். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பையன் முகம் மலர்ந்துவிட்டது. "ஹாரன் கைதட்டல்ல சேராது தம்பி" என்று சொல்லி சிக்னல் சார் அவனை ஓரம் கட்டிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், ஒன்பது நாளாக ஒருவரோடு ஒருவர் பேசாத நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

என் ஜோடி என் ஓரகத்தி ஜோதி. அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் அவள். தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரே கட்டடத்தில் கீழ் வீட்டில் நாங்கள், மேல் வீட்டில் அவர்கள். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள், நாற்பது பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவள் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு டாக்சி பிடித்துப் போகிறவள். இந்தச் சண்டைக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கொலு நாளில் வீட்டுக்கு வந்தவர்களைச் சிரிக்க வைக்கப் போய், அது அப்படியே காபிக் கடைகள், குடியிருப்புச் சங்கங்கள் என்று வளர்ந்துவிட்டது. 'மேல் வீடு கீழ் வீடு' என்று எங்கள் ஜோடிக்குப் பெயரும் வைத்துக்கொண்டோம். என் வாழ்க்கையில் வேறு எதுவும் அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஈடாகாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதை நானேதான் கெடுத்தேன்.

ஜோதிக்கு ஒரு மேனேஜர். அவர் வேலையைத் தலையில் கட்டக் கட்ட இவள் "ஓகே" என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் தினமும் காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, "முடியாது சார். இது என் வேலை இல்ல" என்று சொல்லிப் பழகுவாள். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவள் நினைப்பு. கீழ் வீட்டில் எனக்குக் கேட்கும். ஒரு சனிக்கிழமை, மேடையில் எங்கள் துணுக்குகள் சரியாக எடுபடாமல் தடுமாறியபோது, அவசரத்துக்கு இதை எடுத்து வீசிவிட்டேன். "ஒரு 'முடியாது' சொல்லிப் பழக அரை டேங்கர் தண்ணி போகுதுங்க. ஆபீசுக்குப் போய் 'ஓகே'ங்கறா!" என்றேன். காபிக் கடையே சிரிப்பில் அதிர்ந்தது. ஜோதியும் என் பக்கத்தில் நின்று சிரித்தாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய அலுவலக ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அவள் வாயைத் திறந்ததும் யாரோ குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது போல வாயால் சத்தம் போட்டிருக்கிறார்கள். அதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. கொழுந்தன் என் கணவரிடம் சொல்லி, என் கணவர் என்னிடம் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேடையில் அவளும்தானே சிரித்தாள் என்று எனக்குள் ஒரு வீம்பு. மாடிப்படியில் எதிரே வந்தால் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு போனோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு நிஜமான அரங்கத்தில், நாற்காலிகள் தரையோடு சேர்த்து அடிக்கப்பட்ட அரங்கத்தில், எங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்திருந்தது. நிகழ்ச்சி நடத்துகிற நிர்மலா மேடம் கறாரான ஆள். போனில் எடுத்த மங்கல் படங்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற நல்ல படம் ஒண்ணு, புதன்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள. அதுக்கு மேல அச்சுக்குப் போயிடும். இல்லன்னா அடுத்து ஒரு டீம் வெயிட்டிங்ல இருக்கு" என்றார். தனித்தனியாக எடுத்து ஒட்டித் தரலாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

சிக்னல் சாரின் புதன்கிழமை காலையை நாங்கள் ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்திருந்தோம். செவ்வாய் இரவு ஜோதியிடமிருந்து ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒரு வாட்ஸ்அப் வந்தது. 'காலைல வரேன். போட்டோ கிடைச்சா ஷோ பண்ணலாம். கிடைக்கலைன்னா இதோட விட்டுடலாம் அக்கா.' சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் போட்டுவிட்டாள். நான் 'சரி' என்று அனுப்பினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, எழுதி எழுதி அழித்தேன்.

புதன்கிழமை பத்தரைக்குத் தொம்மலூர் சிக்னலில் மூவரும் நின்றோம். ஜோதி எனக்கு நான்கடி தள்ளி நின்றாள். சிக்னல் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, "சிவப்பு விழுந்ததும் நடங்க மா. நடுவுல நில்லுங்க. பக்கவாட்டுல நின்னு பேசுங்க, அப்பதான் வண்டிக்காரங்களும் படத்துல வருவாங்க. பத்து வரும்போது டிவைடருக்கு ஓடிடணும்" என்றார். அவர் நிற்கிற இடம் கோடுகளின் அந்தப் பக்க ஓரம். அவருடைய முதுகுக்கு ஓர் அடி பின்னால் குறுக்குச் சாலை வண்டிகள் பறந்துகொண்டிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

முதல் சிவப்பு. விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் நூற்றி இருபதிலிருந்து இறங்க ஆரம்பித்தன. நான் எங்கள் வழக்கமான துவக்கத்தைப் போட்டேன். மேல் வீட்டில் துணி காயப்போட்டால் கீழ் வீட்டில் மழை பெய்கிற கதை. நான் ஒரு வரி சொன்னதும் ஜோதி ஒரு வரி சொல்ல வேண்டும். ஜோதி சொல்லவில்லை. அவள் பங்கையும் நானே சொன்னேன். ஒரு காரின் கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. இன்னொரு ஆள் கண்ணாடியை இறக்கி, "கையெழுத்து வாங்கறீங்களா மேடம்? எதை எதிர்த்து?" என்று கேட்டார். பத்து வந்தது, ஓடினோம்.

இரண்டாவது சிவப்பு. ஜோதி தன் வரிகளைச் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஒரு பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அறுபதில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பைக்கில் ஒரு ஹெல்மெட் தலை குலுங்கிக்கொண்டிருந்தது.

"சார்! சிரிக்கறாங்க, எடுங்க!" என்றேன்.

"அது போன் சிரிப்பு மா. காதுல ஒயர் மாட்டிக்கினு கீறான் பாரு" என்றார் சிக்னல் சார். கேமராவை இறக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

நடுநடுவே மூச்சு வாங்க ஒன்றிரண்டை விட்டுவிட்டு, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று சிவப்புகள் போயின. வெயில் ஏறியது. நான் கையை ஆட்டினேன், குரலை மாற்றினேன், மாமியார் மாதிரி நடந்து காட்டினேன். வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை, இரக்கம் இருந்தது. பதினொன்றேகால் ஆகியிருந்தது. டிவைடரில் நின்று தண்ணீர் குடிக்கும்போது ஜோதியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆனால் போதும் என்று காத்திருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. மேடை போய்விடும் என்ற பயத்தைவிட, இவள் மேல் வீட்டில் குடியிருந்துகொண்டே எனக்கு யாரோ ஆகிவிடுவாள் என்ற பயம்தான் அதிகம்.

"சார், இன்னிக்கு மட்டும் யாரும் சிரிக்காமலே எடுத்துடுங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்" என்றேன்.

"சும்மா எடுக்க எனக்கு வராது மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இயலாமையாகத்தான் சொன்னார்.

ஆறாவது சிவப்பில் போக்குவரத்துக் காவலர் வந்துவிட்டார். காலையிலிருந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். "ஏன்ரீ இது? ஷூட்டிங்கா? பர்மிஷன் இதியா?" என்று கன்னடத்தில் கேட்டு லத்தியால் ஜீப்ரா கோட்டைத் தட்டினார்.

சிக்னல் சார் பணிவாகக் கேமராவை நீட்டினார். "ஷூட்டிங் இல்ல சார். நீங்களே பாருங்க, காலைலேர்ந்து ஒரு படம் எடுக்கல."

காவலர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே ஒரு படம்கூட இல்லை. ஒரு மணி நேரமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிற மனிதன் ஒரு படமும் எடுக்கவில்லை என்பது அவருக்குப் படம் எடுப்பதைவிடப் பெரிய குற்றமாகப் பட்டிருக்க வேண்டும். "அப்போ இங்க என்ன செய்றீங்க?" என்றார், தமிழுக்கு மாறி.

"காத்துக்கினு கீறேன் சார்."

"எதுக்கு?"

"சிரிக்கறதுக்கு."

காவலர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எங்கள் முகத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. "ஒந்தே சிக்னல். ஒரே ஒரு சிக்னல். அப்புறமும் இங்க நின்னீங்கன்னா கேமரா ஸ்டேஷனுக்குப் போயிடும்" என்றார். போகவும் இல்லை, கம்பத்தின் கீழே நின்றுகொண்டார். மணி பதினொன்று நாற்பது.

ஏழாவது சிவப்பு விழுந்தது.

நடுவில் போய் நின்றோம். நூற்றி இருபது. நூற்றிப் பத்து. ஜோதி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போடுகிற கதையை ஆரம்பித்தேன், அது எனக்கே சலித்துப் பாதியில் நின்றுவிட்டது. தொண்ணூறு. ஒரு பஸ், பத்துப் பதினைந்து பைக்குகள், இரண்டு ஆட்டோ, எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எழுபத்தைந்து என்பதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் யோசித்துப் பேசவில்லை.

"என் ஓரகத்தி பாத்ரூம்ல பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேக்கலியேங்க!" என்று வண்டிகளைப் பார்த்துக் கத்தினேன். "குழாய் திறந்திருந்தா யாருக்குக் கேக்கும்? எனக்கு எப்படிக் கேட்டுது தெரியுமா? பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, அது மேல ஏறி, வென்டிலேட்டர்ல காதை வெச்சுக் கேட்டேன். தினமும் கேட்டேன். ஒரு நாள் ஸ்டூல் வழுக்கி பக்கெட்டுக்குள்ள உக்காந்துட்டேன். வெளிய வர முடியல. எழுந்தா பக்கெட்டும் கூடவே எழுந்துக்குது! கோயில் படியில விழுந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே, அது படி இல்லீங்க, பக்கெட்!"

பைக்கில் ஒரு பெண் ஹெல்மெட்டுக்குள் களுக்கென்றாள். ஆட்டோக்காரர் தொடையில் தட்டினார். பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கம்பத்தின் கீழே நின்ற காவலர் மீசையைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு. சிரிப்பு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் போனது. நான் இல்லாத பக்கெட்டை இடுப்பில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

க்ளிக் சத்தம் வரவில்லை.

"சார்! எடுங்க சார்!"

சிக்னல் சார் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். இருபது. ஊரே சிரிக்கிறது, மனிதர் விரலை அசைக்கவில்லை. பதினைந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு. அவரே எங்கள் இருவரையும் டிவைடருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். பச்சை விழுந்து வண்டிகள் எல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டன. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஸ்டூல் போட்டா கேட்டே?" என்றது ஒரு குரல்.

ஜோதி. பதினோரு வருடமாக என்னை 'நீங்க' என்று மட்டுமே சொன்னவள்.

"குழாய்ச் சத்தத்துல தன்னால கேட்டுதுன்னு நினைச்சேன். ஏறி நின்னா கேட்டே? தினமுமா? நான் குளிக்கப் போற நேரம் பாத்து ஸ்டூலைத் தூக்கிட்டுப் போனியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு" என்றேன்.

"எதுக்குக் கேட்டே? மேடைல சொல்றதுக்கா?"

"இல்ல ஜோதி. சத்தியமா இல்ல." வண்டிச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "எங்க டாக்டர் ஞாயித்துக்கிழமை எல்லாம் வரச் சொல்றாரு. ஒரு நாள் என்னால முடியாதுன்னு சொல்ல வரல. நீ மேல நின்னு 'முடியாது சார்'னு சொல்லுவே பாரு, அதைக் கேக்க நல்லா இருக்கும். நானும் கீழ நின்னு கூடவே சொல்லிப் பாத்துப்பேன். அதுக்குத்தான் ஏறினேன். அதைக் கொண்டுபோய் எல்லார் முன்னாடியும் வித்துட்டேன். என்னை மன்னிச்சுடு."

ஜோதி கையை ஓங்கியபடி அப்படியே நின்றாள். அடிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தாள். நான் பதற்றத்தில் அந்தப் பக்கெட்டை இன்னும் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

க்ளிக்.

சிக்னல் சார் டிவைடரின் விளிம்பில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எப்போது உட்கார்ந்தார் என்று இருவருமே கவனிக்கவில்லை. படத்தில் எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வெறும் கோடுகளாகத் தெரிந்தன. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அத்தனை பேர் சிரிச்சாங்களே, அப்ப ஏன் சார் எடுக்கல?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்ப அந்தம்மா உங்களைப் பாக்கல. எடுத்திருந்தா அது தப்புப் படம்" என்றார்.

"இப்ப யாருமே சிரிக்கலியே? உங்க ரூல் என்ன ஆச்சு?"

அவர் கேமராவிலிருந்து கார்டை உருவினார். "பேஜார் பண்ணாதீங்க மா, மணி ஆவுது" என்று சொல்லிவிட்டார்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. கார்டைப் போனில் செருகும் கருவி மேலங்கியின் எந்தப் பையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஷவர் கேப் வந்தது, பாதி வெள்ளரிக்காய் வந்தது, கடைசியில் கருவியும் வந்தது. படம் ஏற மறுத்துச் சுற்றிச் சுற்றி நின்றது. காவலர் எங்களை நோக்கி நடந்து வந்தார், அருகில் வந்து போனை எட்டிப் பார்த்தார், "மேலே தூக்கிப் பிடிங்கம்மா, டவர் கிடைக்கும்" என்றார். ஜோதி என்னைவிட உயரம். என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் போனது.

நிர்மலா மேடம் பதில் போட்டார். 'இதில் யார் சிரிக்கிறார்கள்?' இன்னொரு செய்தி வந்தது. 'பரவாயில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது. அச்சுக்கு அனுப்புகிறேன்.'

ஜோதி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "சனிக்கிழமை பக்கெட் கதையையும் சேத்துக்கலாம் அக்கா. ஆனா நிஜப் பக்கெட்டோட வரணும்" என்றாள். மரியாதை திரும்ப வந்துவிட்டது. எனக்கு அந்த 'நீ'யும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் சிக்னல் சார் இல்லை. காவலரும் அவரும் சிக்னல் கம்பத்தின் கீழே நின்று, எந்த ஜங்ஷனில் எத்தனை விநாடி என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் சார் ஒரு விஷயத்தில் காவலரைத் திருத்தவும் செய்தார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நாங்கள் இன்னும் மேடையில் இருக்கிறோம். போன மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, ஆனேக்கலில் மகள் வீட்டில் இருந்தார். புகை, தூசு எதிலும் போகக் கூடாது, ஒரு மாதம் கேமராவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் புகையும் தூசும் இல்லாத சிக்னலுக்கு அவர் எங்கே போவார்? ஒரு நாள் போன் வந்தது. "ரெண்டு பேரும் வந்து கொஞ்ச நேரம் சண்டை போட்டுட்டுப் போங்க மா. இங்க ரொம்ப அமைதியா கீது" என்றார்.

பஸ் பிடித்துப் போனோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அந்த ஆரஞ்சு மேலங்கி இல்லாமல் யாரோ போல இருந்தார். யார் வைத்த ரசம் நல்ல ரசம் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் தொண்டை வறளச் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சமாதானம் செய்யவே வந்துவிட்டார்கள். அவர் மகள் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினாள். சிக்னல் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "நாளைக்கும் வருவீங்களா?" என்றார்.

"வருவோம் சார்" என்றோம் இருவரும். மறுநாள் இரண்டு பேருக்குமே வேலை நாள் என்பது பஸ் நிலையத்தில்தான் நினைவுக்கு வந்தது. ஜோதி என்னைப் பார்த்தாள், நான் ஜோதியைப் பார்த்தேன். ஆளுக்கொரு 'முடியாது சார்' சொல்லிவிட்டு மறுநாளும் போனோம், அதற்கு அடுத்த நாளும் போனோம். அவரை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.